வெள்ளெழுத்தும் முதலெழுத்தும்

"தெரியல தாயி" என்றார் அந்தப் பாட்டி. நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரை. வேப்பமர நிழலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அரைமணி நேரம். எழுத்தறிவு வகுப்பு எடுக்க வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். புத்தகத்தில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது ம பாட்டி, மரத்துக்கு வர்ற ம" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாட்டி புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பணித்தளப் பொறுப்பாளர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இதப் போட்டுப் பாரும்மா" என்று நீட்டினார். போட்டதும் பாட்டி சொன்னார்: "அட, இது மானால்ல! நேத்துப் பலகையில பெருசா எழுதுனியே, அதுதானே?"

'தெரியவில்லை' என்றால் தமிழில் அறியவில்லை என்றும் பொருள், கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும் பொருள். பாட்டி சொன்னது ஒன்று, சொல்லிக்கொடுக்க வந்தவள் கேட்டுக்கொண்டது இன்னொன்று. நாற்பது வயதைத் தாண்டினால் யாருக்கும் வரும், கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் இந்தக் குறைக்கு நம்மவர்கள் வைத்த பெயரே வெள்ளெழுத்து. எழுத்துக் கூட்டத் தொடங்கும் முன்பே ஒருவருக்கு எழுத்து வெளுத்துப் போயிருக்கும் என்பது, பாடப்புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு ஏனோ தோன்றவில்லை. முதியவர்களுக்கான கல்வி இந்த நாட்டில் நடந்த விதத்தைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான். சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறார், கற்றுக்கொள்ள ஆள் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருப்பவருக்கு வயதாகிவிட்டது என்பதை மட்டும் திட்டம் பார்ப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊரார் 'முதியோர் கல்வி' என்று அழைத்த திட்டங்கள் முதியோருக்காக வந்தவையே இல்லை. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988 மே மாதம் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் குறிவைத்தது 15 முதல் 35 வயது வரை இருந்தவர்களை. உழைக்கிற வயதில் இருப்பவருக்குச் செலவழித்தால் நாட்டுக்குத் திரும்பக் கிடைக்கும், ஐம்பதைத் தாண்டியவருக்குச் செலவழித்து என்ன வரப்போகிறது என்ற கணக்கு அதில் இருந்தது. அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரலாம் என்று சாக்ஷர் பாரத் எழுத்தறிவுத் திட்டம் சொன்னபோது 2009 ஆகிவிட்டது. அதற்கும் எட்டு ஆண்டு கழித்து, கிராமங்களில் கணினியும் இணையமும் கற்றுத்தர ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தில் வயது வரம்பு 14 முதல் 60 வரை. அறுபத்தொன்றாவது வயதில் ஒருவருக்குக் கைப்பேசி தேவைப்படாது என்று யார் முடிவு செய்தார்களோ!

தமிழ்நாட்டில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் இந்த வயதுக் கோட்டை அவ்வளவாக மதிக்கவில்லை என்பதுதான் அதன் பெருமை. 1991இல் புதுக்கோட்டையில் அது சூடுபிடித்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்ற கதை நாடறிந்தது, பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வெளிநாடு வரை போனது. நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, பாடம் நடத்திய முறையை. அ, ஆ என்று நெடுங்கணக்கை ஒப்பிக்க வைக்காமல், புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போனார்கள். வகுப்புக்கு வந்தவர்களிடமே விடுகதை கேட்டார்கள், கதை கேட்டார்கள், சொலவடை கேட்டார்கள். கிழவி ஒரு விடுகதை போட்டால் பட்டதாரித் தொண்டர் விடை தெரியாமல் விழிப்பார். அந்த நிமிடம் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது மாறிப்போகும். சொல்லத் தெரிந்தவர்தான் எழுதக் கற்க வந்திருக்கிறார் என்ற மரியாதை அந்த முறைக்குள்ளேயே இருந்தது. அறுபது ஆண்டு வாழ்ந்தவருக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குத் தென்படவில்லை.

அதே இயக்கத்தின் பலவீனமும் எல்லோருக்கும் தெரிந்ததே. 'முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம்' என்று விழா எடுத்து அறிவித்த பிறகு தெருவிளக்கடி வகுப்புகள் மெல்லக் குறைந்தன. கூட்டி வாசிக்கும் அளவுக்கு வந்தவருக்கு, அடுத்து வாசிக்க வீட்டில் என்ன இருந்தது? மளிகைச் சாமான் கட்டி வந்த தாள் இருந்தது. பிறகு அதுவும் பாலித்தீன் ஆகிவிட்டது.

கேரளத்தின் கதை இன்னும் பிரகாசமானது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறையில், மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று அறிவித்தவர் மலப்புறத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா. அவரே புதிதாகப் படிக்கக் கற்றவர். அதோடு ஓய்ந்துவிடாமல், அம்மாநிலத்தின் எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று இணைத்தகுதிப் படிகளையும் கட்டி வைத்திருக்கிறது. கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்த ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா, 2018இல் தன் 96ஆம் வயதில் 'அட்சரலட்சம்' தேர்வில் 100க்கு 98 வாங்கினார். அடுத்த ஆண்டே கொல்லத்தைச் சேர்ந்த 105 வயது பாகீரதி அம்மா நான்காம் வகுப்பு இணைத்தகுதித் தேர்வு எழுதி, 275க்கு 205 பெற்றுத் தேறினார். ஒன்பது வயதில் தாயை இழந்து, தம்பி தங்கைகளை வளர்ப்பதற்காகப் பள்ளியை விட்டவர் அவர். 2021இல் கோட்டயத்துக் குட்டியம்மா, 104 வயது, 100க்கு 89.

இந்த மூவரின் படத்தையும் பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு. எனக்கும் கலங்கியது. ஆனால் கார்த்தியாயனி அம்மாவோடு அந்தத் தேர்வை எழுதியவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். அறுபத்தெட்டு வயதில், காது மந்தமாகி, பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடி வந்து, 35 மதிப்பெண் எடுத்த ஒருத்தி அதில் கட்டாயம் இருந்திருப்பாள். அவள் படம் எங்கும் வரவில்லை, வரவும் வராது. நூறைத் தொட்டவர்களை அதிசயமாகக் கொண்டாடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது: முதுமையில் படிப்பது அதிசயம் என்று ஊர் நம்பிவிடுகிறது. அதிசயத்தைக் கைதட்டி அனுப்பிவிடலாம், அதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டத்துப் பாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8 அன்று தொடங்கிய 'பாட்டிகள் பள்ளி'யிலும் பாராட்டும் சங்கடமும் இப்படிக் கலந்தே இருக்கின்றன. 60 முதல் 90 வயது வரை உள்ள பெண்கள், மதியம் இரண்டு மணி நேரம், வீட்டுவேலை முடிந்தபின் வருகிறார்கள். நேரத்தை அவர்கள் நாளுக்கு ஏற்ப வைத்ததும், அவர்கள் வாசிக்க ஆசைப்பட்ட பக்தி நூல்களை மனத்தில் வைத்துத் தொடங்கியதும் அறிவான செயல். சீருடையாக இளஞ்சிவப்புச் சேலையும், தோளில் புத்தகப் பையும் கொடுத்ததை என்னால் அப்படி ஒரேயடியாகப் பாராட்ட முடியவில்லை. சிறுவயதில் கிடைக்காத பள்ளியை அவர்கள் ஆசைதீர அனுபவிக்கட்டும் என்பார்கள். அந்தப் பெண்கள் அதை விரும்பினார்கள் என்பதும் உண்மை. விதவைகளுக்கு நிறச்சேலை மறுக்கப்பட்ட ஊர்களில் இளஞ்சிவப்பு ஒரு கலகமாகக்கூட இருக்கலாம். இருந்தாலும், வெளியூரிலிருந்து வரும் கேமராவுக்கு அந்தச் சீருடை காட்டுவது, குழந்தையாகிவிட்ட பாட்டியைத்தான்.

தேர்வுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் முதியவர்களுக்கென்று 1973இல் துலூஸ் நகரில் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். 1982இல் பிரிட்டன் அதைத் தன் வழிக்கு மாற்றிக்கொண்டது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. ஓய்வுபெற்ற படிப்பாளிகள் மொழியும் வரலாறும் பறவை நோக்கலும் கற்றார்கள். இங்கே, கண்மாயில் மண் வெட்டிவிட்டு வருகிற பாட்டிக்கு ஒன்றிய அரசின் எழுத்தறிவுத் திட்டத்தில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. படித்தவரின் முதுமையை யாரும் சோதிப்பதில்லை. படிக்காதவரின் முதுமைக்கு மட்டும் வினாத்தாள்.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாகீரதி அம்மாவுக்கு அது 96 ஆண்டு பாக்கியைத் தீர்த்துக்கொண்ட நாள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவைக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. கேட்பவருக்குத் தேர்வு வைக்கலாம். ஆனால் இன்றைய நிலையில் தேர்வு கற்பவருக்காக நடப்பதைவிடக் கணக்குக்காக நடப்பதே அதிகம். 95 விழுக்காட்டைத் தொட்டால் முழு எழுத்தறிவு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 2024இல் லடாக்கும், அடுத்த ஆண்டில் மிசோரமும் அப்படி அறிவிக்கப்பட்டன. தேர்வு நாளன்று பள்ளிக்கூட வாசல் வரை அழைத்து வந்தவர்கள், அடுத்த மாதம் அந்தப் பாட்டி எதையாவது வாசித்தாரா என்று கேட்க வருவதில்லை. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

எழுதக் கற்றதால் கிடைக்கும் பயனும் இடையில் மாறிப்போனது. ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தறிவின் முதல் வெற்றி கையெழுத்து. 'கைநாட்டு' என்பது வசைச்சொல்லாக இருந்த ஊரில், பெயரை எழுதத் தெரிந்தவள் நிமிர்ந்து நடந்தாள். இன்று நியாய விலைக் கடையில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறவரின் கருவியும் விரலைத்தான் கேட்கிறது. கையெழுத்துப் போடப் பழகிய கிழவி மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அதிலும் ஆயுள் முழுக்கச் சாணி தட்டி, கல் சுமந்து தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்பதில்லை. துணியில் துடைத்து, மறுபடி வைத்து, அடுத்த விரலை வைத்து, "நாளைக்கு வாம்மா" என்ற பதிலோடு திரும்புகிறாள். இந்த இடத்தில் அவளுக்கு வேண்டிய படிப்பு, பெயர் எழுதுவதைத் தாண்டியது. கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் இருக்கும் தொகையைப் படிப்பது, கேட்டவருக்கெல்லாம் ஓடிபி சொல்லாமல் இருப்பது, ரேகை விழாவிட்டால் வேறு வழி கேட்கத் துணிவது.

இதைப் புரிந்துகொண்டதில் கேரளம் ஓரடி முன்னால் நிற்கிறது. 'டிஜி கேரளம்' திட்டத்தில் உச்ச வயதை எடுத்துவிட்டு, வீடு வீடாகத் தன்னார்வலர்களை அனுப்பி, கைப்பேசியை இயக்கவும் காணொலியில் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். ஏறத்தாழ 22 லட்சம் பேருக்குப் பிறகு, 2025 ஆகஸ்டில் முழு மின்னணு எழுத்தறிவு மாநிலம் என்ற அறிவிப்பும் வந்தது. வளைகுடாவில் இருக்கும் மகனின் முகத்தைத் தானே அழைத்துப் பார்க்கிற தாய்க்கு, அந்தப் பாடம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுபடியும் 'முழு' என்ற சொல்லைத்தான் அறிவிப்பில் போட்டார்கள் என்பது என் சிறு வருத்தம். கைப்பேசிச் செயலிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறுகின்றன. அந்தப் படிப்பில் 'முழு' என்று ஒருநாளும் வராது.

இனி பணம். 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒதுக்கியது 1,037.90 கோடி ரூபாய், இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள், அவர்களுக்கு ஊதியம் இல்லை. தொண்டு உள்ளத்தை நம்பி நடத்துவது அறிவொளிக் காலத்து மரபு என்று சொல்லலாம்தான். ஆனால் அன்று பாட்டும் நாடகமும் கலைப்பயணமுமாக ஊரே அதில் இறங்கியிருந்தது. இன்று பள்ளி ஆசிரியரின் வேலைப் பட்டியலில் இன்னொரு வரியாக அது சேர்ந்திருக்கிறது. இந்தத் தொகைக்குள் கண்ணாடிக்கு எங்கே இடம்? பள்ளிக் குழந்தைகளுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி தர, தமிழ்நாட்டில் 2009 முதல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் இருக்கிறது. எழுபது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய கொழுந்து பறிப்போருக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. கொழுந்துக்கே இப்படியென்றால் எழுத்துக்கு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டாம்.

படித்தபின் வாசிக்க என்ன கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை பாதி தயாராகவே இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகிற 'நூலக நண்பர்கள்' திட்டம் நடக்கிறது. பொது நூலக இயக்ககமும், பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககமும் ஒரே பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் இருக்கின்றன. எழுத்தறிவுத் தேர்வில் தேறியவரின் பெயரும் முகவரியும் ஓர் இயக்ககத்தின் கோப்பில். புத்தகம் சுமக்கும் நண்பர் இன்னோர் இயக்ககத்தின் பட்டியலில். அந்தக் கோப்பு இந்த மேசைக்கு வந்தால் போதும். வருகிற புத்தகம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அறிவொளி சேகரித்த விடுகதைகளும் கதைகளும் மறுபடி அச்சானால் அதைவிடப் பொருத்தமான முதல் புத்தகம் இருக்காது. தேர்வு நடக்கும் பள்ளியிலேயே, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு, ஒரு கண் பரிசோதனை முகாம் போடுங்கள் என்பதும் துறைக்கு என் கோரிக்கை.

அன்று கண்மாய்க் கரையில், பாட்டி அந்தப் பக்கத்தில் இருந்த மூன்று சொற்களையும் வாசித்து முடித்தார். பிறகு பணித்தளப் பொறுப்பாளர் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கைப்பேசியில் பிற்பகல் வருகையைப் பதிய அவருக்கும் அது வேண்டியிருந்தது.