கெல்லின் கோட்பாடும் துஃபுங்காவின் கையும்

பாலினீசியப் பச்சைகுத்தலைப் பற்றி மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் கெல் 1993இல் எழுதிய ‘ராப்பிங் இன் இமேஜஸ்’ நூலின் பெரிய பலம் அதன் ஒப்பீடு. தீவுக்குத் தீவு கோலங்கள் வேறுபடுவதை அவர் ரசனை வேறுபாடு என்று விட்டுவிடவில்லை. அந்தந்தச் சமூகத்தின் அதிகார அமைப்போடு பொருத்திக் காட்டுகிறார். தலைமை நிலையற்று, போட்டி ஓயாதிருந்த மார்க்கேசஸில் ஆணின் உடல் முகம் உட்பட மூடப்பட்டது; பச்சை அங்கே கவசம். சமோவாவில் இடுப்பு முதல் முழங்கால்வரை இறங்கும் ‘பெஆ’, தலைவர்களுக்குப் பணிபுரியும் இளைஞனுக்குரியது. இவ்வளவு சிதறிய தரவுகளை ஒரே வாதத்துக்குள் கொண்டுவந்தவர் அவருக்கு முன் எவருமில்லை.

ஆனால் இது முழுக்க நூலகத்தில் உருவான ஆய்வு. தோலைத் துளைத்தல், மை செலுத்துதல், புண் ஆறுதல் என்ற செயல்வரிசையையே கெல் கோட்பாட்டின் அடித்தளமாக்குகிறார். அந்தச் செயலைச் செய்யும் கை அவர் பக்கங்களில் தென்படுவதில்லை. சமோவாவில் பச்சைகுத்தும் கைவினைஞரான துஃபுங்கா, மரபுப்படி பன்றித் தந்தத்தில் செதுக்கிய சீப்பைத் தோலில் வைத்து, சிறு கோலால் தட்டுகிறார். உதவியாளர்கள் இருபுறமும் தோலை இழுத்துப் பிடித்து, கசியும் இரத்தத்தைத் துடைத்தபடி இருக்கிறார்கள். முதுகின் அடியில் தொடங்கும் வேலை தொப்புளில்தான் முடிகிறது. வலி தாங்காமல் பாதியில் எழுந்தவனுக்கு வாழ்நாள் இழிவு. அடுத்த கோட்டை இந்த உடலில் எங்கே வளைப்பது என்று ஒவ்வொரு தட்டிலும் துஃபுங்கா தீர்மானிக்கிறார். கோலத்தை அதிகார அமைப்பின் விளைவாக மட்டுமே வாசிக்கும் முறையில் அந்தத் தீர்மானத்துக்கு இடமில்லை.

1830இல் வந்த மிஷனரிகள் எதிர்த்தும் சமோவாவில் இக்கலை அறுபடவில்லை. கெல் எழுதியபோது ஆப்பியாவிலும் ஆக்லாந்திலும் துஃபுங்காக்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஷான் மாலனும் செபாஸ்தியன் காலியோவும் 2018இல் வெளியிட்ட ‘தாதாவ்’ நூல் அவர்களிடம் நேரே போகிறது. கருவிகள், குடும்பங்கள், புலம்பெயர்ந்தோர் என்று வளமான தரவு தருகிறது. ஆனால் ‘ஏன் இப்படி?’ என்ற கேள்வியில் கெல்லின் கூர்மை அதில் இல்லை.

ஆகவே கெல்லின் நூலை ஒரே மதிப்பில் ஏற்க முடியாது. மார்க்கேசஸில் பிரெஞ்சு ஆட்சியும் திருச்சபையும் இக்கலையின் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. 1897-98இல் கார்ல் ஃபொன் டென் ஸ்டைனன் திரட்டியதும், 1920களின் தொடக்கத்தில் வில்லோடீன் ஹேண்டி முதியோர் உடலைப் பார்த்து வரைந்ததுமே முதன்மைச் சான்றுகள். ஏட்டுச் சான்றையே நம்பும் முறைக்கு அங்கே நியாயம் உண்டு. அந்த அத்தியாயம் நிற்கிறது. சமோவா அத்தியாயத்தை முன்மொழிவாக ஏற்கலாம், முடிவாக ஏற்க முடியாது: சரிபார்க்க ஆட்கள் இருந்தும் அது சரிபார்க்கப்படவில்லை.