'எப்போதும்' என்றால் எப்போது?

தாராபுரத்தில் காலையிலேயே பனியன் கம்பெனி வண்டி ஏறுகிற ஒரு டெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர ராத்திரி பத்தாகிவிடும். அவருக்கு மேலே படிக்கணும் என்று ஆசை.

யாரும், எங்கும், எப்போதும் படிக்கலாம் என்று சொல்லித்தான் 2017-ல் மத்திய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஐ.ஐ.டி. வாத்தியார் பாடம் காசில்லாமல் செல்போனில் வருகிறது. தபாலில் பி.காம். படித்தவர்களைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்கள்!

ஆனால், அந்த 'எப்போதும்'தான் இடிக்கிறது. அதிலுள்ள என்.பி.டி.இ.எல். பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் அசைன்மென்ட், அதற்கு ஒரு கெடு. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், பணம் கட்டி நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. வீடியோ நடுராத்திரியிலும் ஓடும், கெடு நிற்காது. ஷிப்மென்ட் போகிற வாரத்தில் கம்பெனியில் லீவு கேட்டுப் பாருங்களேன். போதாக்குறைக்கு, வாத்தியார் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்.

கல்லூரிப் பிள்ளைக்கு இதில் கிரெடிட் உண்டு. டெய்லர் சான்றிதழை நீட்டினால் பீஸ் ரேட் பத்து பைசா ஏறுமா? வேலைக்குப் போகிறவர்களுக்காவது, 12 வாரப் பாடத்தை ஒரு வருஷம் வைத்துப் படிக்க விட்டால் என்ன குறைந்துவிடும்?