பரணியும் பெர்செர்க்கும்: பலியானோர் பக்கம் நின்று ஒரு பார்வை

முன்னுரை

பரணி இலக்கியத்தில் பயிற்சி உடையோர்க்குப் பேயும் பிணக்களமும் புதியன அல்ல. அத்தகையோர் தவறாது அறியத்தக்க படைப்பு, கென்டாரோ மியூரா (1966-2021) 1989இல் தொடங்கிய 'பெர்செர்க்' என்னும் ஜப்பானியப் படக்கதையாகும் (மங்கா). இதன் ஒரு பகுதி 1997-98இல் 25 அத்தியாயங்கள் கொண்ட அனிமேஷன் தொடராக ஒளிபரப்பாயிற்று. பரணி சொல்லாது விட்ட ஒன்றை இப்படைப்பு சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பரணியின் களம்

முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடினார். காஞ்சியினின்று வடக்கு நோக்கிச் சென்ற சோழப்படை கடந்த ஆறுகளுள் பொன்முகரியும் ஒன்றாகக் கூறப்படுகிறது. அதுவே திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் அருகே ஓடும் இன்றைய சுவர்ணமுகி. இந்நிலம் வழியே சென்ற படையின் வெற்றி, பேய்களின் பசியைத் தீர்க்கும் விருந்தாக முடிகிறது. பேய்கள் காளியிடம் பசியை முறையிடுகின்றன. போர் முடிந்தபின் களத்தில் கூழ் அட்டு உண்டு, வென்றவனை வாழ்த்துகின்றன. இங்கு அச்சமும் நகையும் ஒருசேர வெற்றிப் புகழுக்குத் துணையாகின்றன. களம் பாடியது என்னும் பகுதியில் கணவன் உடலைத் தழுவி உயிர்விடும் பெண்டிரும் காட்டப்படுகின்றனர். எனினும் உண்ணப்படுவோன் பெயர் பரணியில் இல்லை. அவன் அடுப்பில் இடப்படும் பொருளாகவே நின்றுவிடுகிறான்.

பலியும் இசைவும்

காளி கோயிலில் வீரர் தம் தலையைத் தாமே அரிந்து அளிப்பதாகப் பரணி கூறும். அப்பலி கொடுப்போனின் இசைவோடு நிகழ்வது. பெர்செர்க்கில் நிலை தலைகீழானது. படைத்தலைவன் கிரிஃபித், ஓராண்டுச் சிறையில் உடல் சிதைந்தபின், இழந்த கனவை மீளப்பெறும் பொருட்டுத் தன்னை நம்பிய தோழர்களையே கிரகண வேளையில் பூதங்களுக்குப் பலியிடுகிறான். பலியாவோரிடம் எவரும் இசைவு கேட்பதில்லை. அவ்விருந்தைப் படிப்போர் பேய்களின் பந்தியில் அமர்ந்து காண இயலாது. உண்ணப்படுவோருள் ஒருவனான கட்ஸின் கண்வழியே காண நேர்கிறது. அந்தத் தோழர்களின் பெயர், நகைச்சுவை, பூசல் அனைத்தையும் ஆசிரியர் முன்னரே பழக்கியிருப்பதால், ஒவ்வோர் இறப்பும் தனி இழப்பாகிறது. கதையில் அச்சம் பொருள் பெறுவது இதனாலேயே ஆகும்.

அனிமேஷன் வடிவம்

தொலைக்காட்சித் தொடரில் அசைவு குறைவு; பல காட்சிகள் தீட்டிய ஓவியங்களாகவே நிற்கின்றன. மியூராவின் நுண்கோடுகளின் அடர்த்தியும் இதில் இல்லை. ஆயினும் சுசுமு ஹிராசாவாவின் இசையும், நட்பு வளர்வதைக் காட்டும் பொறுமையும் அக்குறையை ஈடுசெய்கின்றன. தொடர் கட்ஸ் தப்புவதைக் காட்டாமல் பலிக்களத்திலேயே முடிகிறது. எனவே தொடரை முதலில் கண்டு, பின்னர்ப் படக்கதையைத் தொடக்கத்திலிருந்து படிப்பது தக்கது. காஸ்கா என்னும் பெண்வீரர்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமை இரண்டிலும் வெளிப்படையாக இடம்பெறுகிறது. அக்காட்சியில் ஆசிரியரின் கோடு அளவு மீறுகிறது என்னும் குற்றச்சாட்டு புறந்தள்ளத்தக்கதன்று. இளையோர்க்கு இப்படைப்பு உரியதும் அன்று.

நடுகல்லும் நட்ட வாளும்

உயிர்தப்பிய ரிக்கெர்ட் என்னும் இளைஞன், மாண்ட தோழர்க்காகக் குன்றொன்றில் வாள்களை நட்டுக் கல்லறை அமைக்கிறான். தமிழ் ஆய்வாளர்க்கு இக்காட்சி நடுகல்லை நினைவூட்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் மரபை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. சித்தூர் வட்டாரத்தில் கிடைத்துள்ள பாணர், வைதும்பர் காலத்து நடுகற்களுள் பல, எவன், எப்போரில், எவர்பொருட்டு வீழ்ந்தான் என்று பொறித்துள்ளன. பரணி வென்றோன் பெயரைக் காத்தது. நடுகல் வீழ்ந்தோன் பெயரைக் காத்தது. பெர்செர்க், பரணியின் களத்தை நடுகல்லின் பக்கம் நின்று வரைகிறது எனலாம்.

முடிவுரை

மியூராவின் மறைவுக்குப்பின், 2022 முதல் அவர் நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் கதை தொடர்கிறது. படக்கதை சிறுவர்க்குரியது என்னும் எண்ணத்தால் இதனை ஒதுக்குதல் தகாது. பெர்செர்க்கைப் படித்தபின் கலிங்கத்துப்பரணியை மீண்டும் எடுப்போர், கூழ்ப்பானைக்குள் கிடப்பவன் யார் என்று கேட்பர். அக்கேள்வி பரணியின் சிறப்பைக் குறைப்பதன்று. அதனை முழுமையாகப் படிக்கத் துணைபுரிவதாகும்.