பணம் எங்கே இருக்கிறது? வங்கி நெருக்கடிப் படங்கள்: ஒரு பார்வை

வங்கி விழுவதைப் படமாக்குவது கடினம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அங்கே எதுவும் இடிவதில்லை. கணக்கில் ஓர் எண் மாறுகிறது. நம்பியவர்கள் நம்பாமல் போகிறார்கள். ஆனாலும் தொண்ணூறு ஆண்டுகளாகச் சினிமா இதைச் சொல்ல முயன்றுவருகிறது. அந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றி வருவது புரியும்: நாம் போட்ட பணம் இப்போது எங்கே இருக்கிறது?

ஃபிராங்க் காப்ராவின் ‘அமெரிக்கன் மேட்னஸ்’ 1932இல், அமெரிக்காவில் வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடிக்கொண்டிருந்தபோதே வெளிவந்தது. ஒரு வங்கியில் ஒரு லட்சம் டாலர் கொள்ளை போகிறது. செய்தி தொலைபேசி வழியே வாய்க்கு வாய் பரவ, தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. சற்று நேரத்தில் வங்கிக் கூடம் முழுக்க முண்டியடிக்கும் கூட்டம். வதந்தியின் வேகத்தை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த படத்தொகுப்பு அரிது.

அதே காப்ரா 1946இல் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ எடுத்தார். சிற்றூரில் வீட்டுக்கடன் சங்கம் நடத்தும் ஜார்ஜ் பெய்லியாக ஜேம்ஸ் ஸ்டீவர்ட். பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர்களிடம், அது பெட்டியில் இல்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வீடாக நிற்கிறது என்று விளக்குகிறான். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துப் பங்கிடுகிறான். ஒருவர் தன் 242 டாலரையும் முழுதாகக் கேட்டு வாங்குகிறார். ஒரு பெண்மணி பதினேழரை டாலர் போதும் என்கிறார். சங்கம் மூடும் நேரத்தில் மிஞ்சுவது இரண்டு டாலர். வங்கித் தொழிலின் அடிப்படையை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காட்சி சினிமாவில் இல்லை. வசூலில் சறுக்கிய இப்படத்தின் பதிப்புரிமை 1974இல் புதுப்பிக்கப்படாமல் போனது. தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அமெரிக்கக் குடும்பங்களுக்கு இது நெருக்கமானது அப்படித்தான்.

1933இல் அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமானது. சிறு சேமிப்பாளர் பதறி ஓட வேண்டிய தேவை குறைந்தது. பீதி தெருவை விட்டு மாடிக்கு ஏறியது. பெரிய நிதி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தரும் குறுகிய காலக் கடனை நிறுத்தினாலே போதும், ஒரு நிறுவனம் சாய்ந்துவிடும். 2007இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் பழைய வரிசை மறுபடி நின்றது உண்மை. ஆனால் 2008 நிதி நெருக்கடி பற்றிய முக்கியமான படங்கள் மேல்மாடியில்தான் நடக்கின்றன.

அவற்றில் தலைசிறந்தது ஜே. சி. சாண்டரின் முதல் படமான ‘மார்ஜின் கால்’ (2011). வேலையிலிருந்து நீக்கப்பட்ட அதிகாரி விட்டுச்சென்ற கணக்கை ஓர் இளைஞன் இரவில் முடித்துப் பார்க்கிறான். நிறுவனத்தையே விழுங்கக்கூடிய நஷ்டம் அதில் தெரிகிறது. கையில் இருப்பதையெல்லாம், பிறருக்கு விஷயம் தெரிவதற்குள் அவர்கள் தலையில் கட்டிவிடுவதென்று விடிவதற்குள் முடிவாகிறது. காப்ராவிடம் மக்கள் வங்கியிடமிருந்து ஓடினார்கள்; இங்கே எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடுவது நிறுவனமே.

எச்பிஓ தொலைக்காட்சிக்காக கர்டிஸ் ஹான்சன் இயக்கிய ‘டூ பிக் டு ஃபெயில்’ (2011) அரசின் அறைக்குள் போகிறது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனு தந்ததும், அடுத்த மாதம் ஒன்பது வங்கித் தலைவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து அரசுப் பணத்தை ஏற்கச் செய்ததும் அதில் வருகின்றன. ஆடம் மெக்கேயின் ‘தி பிக் ஷார்ட்’டில் (2015) வீட்டுக்காரரின் நாயின் பெயரில் ஒரு வீட்டுக்கடன் இருக்கிறது. பெய்லிக்குத் தன்னிடம் கடன் வாங்கியவரின் முகம் தெரியும். இங்கே கடன் கட்டுக்கட்டாக விற்கப்பட்டு எங்கோ போய்விட்டது. அவன் சொன்ன பதிலை இவர்களில் எவராலும் சொல்ல முடியாது.

அந்த வீட்டு வாசலுக்கே நம்மை அழைத்துப் போகிறது ரமீன் பஹ்ரானியின் ‘99 ஹோம்ஸ்’ (2014). ஃபுளோரிடாவில் வீட்டை இழந்த தொழிலாளி, தன்னை வெளியேற்றியவனிடமே வேலைக்குச் சேர்ந்து பிறரை வெளியேற்றுகிறான். தென்கொரியாவின் ‘டிஃபால்ட்’ (2018) 1997 நெருக்கடியை மத்திய வங்கி அதிகாரி, நெருக்கடியில் லாபம் தேடுபவன், ரொக்கத்துக்குப் பதில் உறுதிச்சீட்டை நம்பிச் சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட சிறுதொழிலதிபர் என மூன்று பக்கத்திலிருந்தும் காட்டுகிறது. அறையையும் தெருவையும் ஒன்றாகக் காட்டியதே அதன் பலம்.

நம் நாட்டில் ‘ஸ்கேம் 1992’ தொடர் (2020), பத்திரமே இல்லாமல் வங்கி ரசீதுகள் கைமாறிய கதையைப் பொறுமையாக விளக்கியது. ‘லக்கி பாஸ்கர்’ (2024) பம்பாய் வங்கிக் காசாளர் ஒருவரின் கதை. இரண்டும் ஒரு சாமர்த்தியசாலியின் பின்னாலேயே போகின்றன. பணம் போட்டவர் பின்னணியில் நின்றுவிடுகிறார். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது ஏராளமானோரின் சேமிப்பு கரைந்தது. அந்த அதிர்ச்சிதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறக்கக் காரணமானது. வரிசையில் நின்றவர்களின் பக்கமிருந்து சொல்லப்பட வேண்டிய கதை அது.

ஆவணப்படங்களில் ஸ்டீவ் ஜேம்ஸின் ‘அபகஸ்: ஸ்மால் இனஃப் டு ஜெயில்’ (2016) தவறவிடக் கூடாதது. நியூயார்க் சைனாடவுனில் இருக்கும் குடும்ப வங்கியான அபகஸ்மீது அடமானக் கடன் மோசடி வழக்குப் போடப்பட்டது. 2015இல் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அது விடுவிக்கப்பட்டது. பெரிய வங்கிகளுக்கு அரசுப் பணம், சின்ன வங்கிக்குக் குற்றவாளிக் கூண்டு என்ற அநீதியைப் படம் நிதானமாக நிறுவுகிறது. வங்கியை நிறுவிய தாமஸ் சங்குக்கு ஆதர்சம் ஜார்ஜ் பெய்லி என்பது இதில் நெகிழவைக்கும் செய்தி.

இவற்றை எங்கே பார்ப்பது? ‘ஸ்கேம் 1992’ சோனி லிவ் தளத்தில் வெளியானது. மற்றவற்றின் இணைய உரிமை நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு கைமாறுகிறது. தேடும் நாளில் கிடைக்கும் தளத்தில் பார்ப்பதே வழி. ஆனால் கைபேசியில் தனியாகப் பார்ப்பதைவிட ஒரு கூடத்தில் பலரோடு பார்ப்பதே என் பரிந்துரை. நம்பிக்கையும் பீதியும் கூட்டத்தின் உணர்ச்சிகள். திரைப்படச் சங்கங்களும் கல்லூரிப் பொருளாதாரத் துறைகளும் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, ‘மார்ஜின் கால்’, ‘99 ஹோம்ஸ்’ மூன்றையும் இதே வரிசையில் திரையிடலாம். முடிந்ததும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை அழைத்து, அவருடைய கிளையில் சேர்ந்த பணம் யாருக்கெல்லாம் கடனாகப் போனது என்று பேசச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் என்பது அப்போது விளங்கும்.