திம்காத்: சதுரத்தை மட்டும் காட்டும் படம்

ரோமானியர்களின் நகரத் திட்டமிடல் என்று எங்கே பேச்சு எடுத்தாலும் ஒரு வான்வழிப் படம் தவறாமல் வந்துவிடும். பழுப்பு நிலத்தில் சதுரங்கப் பலகையை விரித்துவைத்த மாதிரி ஒரு ஊர். ஒன்றை ஒன்று செங்குத்தாக வெட்டும் தெருக்கள், ஒரே அளவில் கட்டம் கட்டமாக வீட்டுமனைகள். கூடவே ஒரு குறிப்பும் வரும்: "பாலைவனத்தின் நடுவே 1900 ஆண்டுகளுக்கு முன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டிய நகரம்!" அல்ஜீரியாவில் இருக்கும் திம்காத் தான் அது. ரோமானியர் காலத்துப் பெயர் தமுகாதி.

இந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. படம் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தத் தெருக்கள் நிஜம், கட்டங்கள் நிஜம். ஆனால் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் வாழ்ந்த ஒரு ஊரில், அது கட்டப்பட்ட முதல் தலைமுறையை மட்டும் காட்டிவிட்டு "இதுதான் திம்காத்" என்கிறது அந்தப் படம். மீதி நூற்றாண்டுகள் எங்கே போயின? காலம் கொஞ்சம் அழித்தது உண்மைதான். பாக்கியை மண்வெட்டி அழித்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சதுரம் வந்த கதை

முதலில் அந்தப் "பாலைவனத்தை" ஒதுக்கிவைத்துவிடலாம். திம்காத் இருப்பது ஔரெஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தில். தானியம் விளையும் பூமி. குளிர்காலத்தில் இந்தப் பக்கம் பனி விழும். சஹாரா இருப்பது மலைக்குத் தெற்கே, அந்தப் பக்கம்.

கி.பி. 100இல் பேரரசர் டிராஜன் இந்த ஊரை நிறுவினார். ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவது அன்றைய வழக்கம். கட்டிக் கொடுத்தது மூன்றாம் அகஸ்டா படையணி, மேற்பார்வை தளபதி முனேஷியஸ் காலஸ். இதெல்லாம் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஊரின் முழுப்பெயரில் டிராஜனின் சகோதரி மார்சியானாவின் பெயரும் உண்டு. ஆனால் கடைசியில் நிற்கும் "தமுகாதி" லத்தீன் சொல் இல்லை. அது உள்ளூர் மொழியிலிருந்து வந்தது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, பெயர்ப்பலகையிலேயே ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பக்கத்துக்குச் சுமார் 350 மீட்டர் உள்ள சதுரம். நம் கணக்கில் முப்பது ஏக்கர் சொச்சம். உள்ளே ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 20 மீட்டர் பக்கம். நடுவில் கிழக்கு மேற்காக ஒரு பெரிய வீதி. அதன் கல்தளத்தில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் இன்றும் தெரிகிறது. வீதியை ஒட்டி ஊர் மன்றம். அதன் கல்தளத்தில் யாரோ ஒரு விளையாட்டுக் கட்டத்தைச் செதுக்கி, வேட்டை, குளியல், ஆட்டம், சிரிப்பு, இதுதான் வாழ்க்கை என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஊரில் 14 குளியல் கூடங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் அந்த ஆள் சும்மா சொல்லவில்லை.

சதுரம் எத்தனை நாள் தாங்கியது?

ரொம்ப நாள் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே ஊர் மதிலைத் தாண்டிவிட்டது. பெரிய குளியல் கூடங்கள் சதுரத்துக்கு வெளியேதான் வந்தன. ஊரின் தலைமைக் கோயிலான கேப்பிடோலியமும் வெளியேதான். அதுவும் சதுரத்தின் கோட்டுக்கு ஒத்துப்போகாமல் தன் பாட்டுக்கு ஒரு கோணத்தில் நிற்கிறது. ரோமானிய ஊர் ஒன்றின் தலையாய கோயில், "முன்மாதிரித் திட்டம்" என்று கொண்டாடப்படும் திட்டத்துக்குள் இல்லை! அந்தப் படத்தைப் பகிர்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

மதில் என்ன ஆனது? ஊர்க்காரர்களே இடித்துவிட்டார்கள். பிளோட்டியஸ் ஃபாவுஸ்டஸ் செர்டியஸ் என்று ஒரு பெரிய பணக்காரர். மனைவி கொர்னேலியா வாலண்டினா. மேற்கு வாசலுக்கு வெளியே இந்தத் தம்பதி ஊருக்கு ஒரு சந்தையைக் கட்டிக் கொடுத்தார்கள். செர்டியஸின் வீடு என்று இன்று அழைக்கப்படும் மாளிகை, பழைய மதில் நின்ற கோட்டின் மேலேயே இருக்கிறது. சதுரத்தின் எல்லைக்கோட்டை ஒருவர் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார் என்றால், அந்தக் கோட்டுக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதே மேற்கு வாசலில் மூன்று வளைவுகளோடு நிற்கிறது "டிராஜன் வளைவு". எல்லாச் சுற்றுலாப் படத்திலும் இருப்பது. கட்டுமானப் பாணியை வைத்து அது இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது என்கிறார்கள். அதாவது டிராஜன் செத்து இரண்டு மூன்று தலைமுறை கழிந்த பிறகு. பெயர் மட்டும் அவருடையது. நூலகமும் அப்படித்தான். ஃபிளேவியஸ் ரொகேஷியானஸ் என்பவர் உயில் எழுதி 4,00,000 செஸ்டர்ஸ் நாணயம் ஒதுக்கி ஊருக்குக் கொடுத்தது. திட்டத்தில் இல்லாத கட்டடம். பின்னால் வந்தவர்கள் ஒரு மனையை எடுத்துக்கொண்டு அதில் நுழைத்தது. அந்தக் கல்வெட்டு கிடைத்திராவிட்டால் அது நூலகம் என்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது.

திம்காத்தில் நாம் வாய்பிளந்து பார்ப்பவற்றில் பாதிக்கு மேல், சதுரத்தை மீறிய ஊர்க்காரர்கள் சேர்த்தவை. புகழ் மட்டும் சதுரத்துக்குப் போகிறது.

படத்தில் இல்லாத முந்நூறு ஆண்டுகள்

நான்காம் நூற்றாண்டு என்றதும் ரோமின் வீழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுகிறோம். திம்காத் அப்படி நகர்ந்துவிடவில்லை. 360களில் இந்த ஊர் நகரசபை உறுப்பினர்களின் நீண்ட பெயர்ப்பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்தது. அதே பத்தாண்டில் கேப்பிடோலியத்தைப் பழுதுபார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பொறுத்தவரை ஊரின் உச்சகட்டம். அப்போது வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. துன்புறுத்தலுக்குப் பணிந்துபோன குருமார்களை ஏற்கமாட்டோம் என்று நின்ற டொனாட்டஸ் அணி ஒரு பக்கம், பேரரசின் ஆதரவு பெற்ற அணி மறுபக்கம். திம்காத் டொனாட்டஸ் அணியின் பெரிய கோட்டை. 388 முதல் 398 வரை இங்கே ஆயராக இருந்த ஒப்டாட்டஸ், பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்த கில்டோ என்ற தளபதியோடு கூட்டுச் சேர்ந்தவர். அகஸ்டின் இவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். ஊரின் மேற்கே இருக்கும் பிரம்மாண்டமான தேவாலய வளாகத்தை இவரோடுதான் இணைக்கிறார்கள். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு அங்கே கிடைத்தது.

அவருக்குப் பின்னால் வந்தவர் கௌடென்ஷியஸ். 420 வாக்கில் தேவாலயத்தை ஒப்படைக்கச் சொல்லி அரசு அதிகாரி வந்தபோது, உள்ளே இருக்கும் மக்களோடு சேர்த்து என்னை எரித்துக்கொள்வேன் என்று பதில் எழுதினார். அந்த விவகாரத்தில் அவருக்கு எதிராக அகஸ்டின் ஒரு நூலே எழுதினார். யோசித்துப் பாருங்கள். ரோமானிய ஒழுங்கின் கச்சிதமான உதாரணம் என்று நாம் சுற்றுக்கு விடும் ஊர், ரோமானிய அரசின் ஆணையை இவ்வளவு மூர்க்கமாக மறுத்திருக்கிறது.

பிறகு வண்டல்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு, வெளியார் யாரும் வந்து தங்கிவிடக் கூடாது என்று ஔரெஸ் மலைமக்கள் ஊரைக் காலிசெய்து இடித்ததாக பைசாந்தியரின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். 539இல் பைசாந்தியத் தளபதி சாலமோன் ஊருக்குத் தெற்கே ஒரு கோட்டை கட்டினார். பழைய கட்டடங்களின் கல்லைப் பெயர்த்தெடுத்துத்தான் கட்டினார்கள். ஏழாம் நூற்றாண்டில்கூட இங்கே தேவாலயம் எழுப்பியதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆக, 539க்கு முன்னாலேயே ஊர் செத்துப்போச்சு என்று சொல்ல முடியாது.

தோண்டியவர்கள் எதைத் தேடினார்கள்?

பிரான்ஸ் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது 1830இல். ராணுவ அதிகாரிகள்தான் முதல் "தொல்லியலாளர்கள்". திம்காத்துக்கு மேற்கே லம்பெசிஸ் என்ற இடத்தில் மூன்றாம் அகஸ்டா படையணியின் தலைமை முகாம் இருந்தது. 1840களின் இறுதியில் கர்னல் கார்புச்சியா என்ற பிரெஞ்சு அதிகாரி, அந்தப் படையணியின் தலைவர் ஒருவருடைய கல்லறையைச் சீர்செய்து, தன் படையை வைத்து ராணுவ மரியாதை செலுத்தினார். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய சக அதிகாரிக்குச் சல்யூட்! போனி எஃப்ரோஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்த ராணுவத் தொல்லியல் பற்றி 2018இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். "ரோம் இங்கே இருந்தது, நாங்கள் ரோமின் வாரிசுகள், ஆகவே இது எங்கள் வீடு" என்ற வாதம் அந்தச் சல்யூட்டிலேயே வந்துவிட்டது. பிற்பாடு லூயி பெர்த்ராந்த் போன்ற எழுத்தாளர்கள் இதை "லத்தீன் ஆப்பிரிக்கா" என்று ஒரு கொள்கையாகவே ஆக்கினார்கள்.

திம்காத்தில் முறையான தோண்டல் 1881இல் ஆரம்பித்தது. நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் துறை நடத்தியது. பல பத்தாண்டுகள் பொறுப்பில் இருந்த அல்பேர் பல்லு கட்டடக் கலைஞர். கட்டடக் கலைஞரின் கண்ணுக்குச் சுவரும் தூணும் தெரியும், மண் தெரியாது. தெருவின் குறுக்கே பின்னாளில் யாரோ எழுப்பிய சுவர், மாளிகையைத் தடுத்துப் பிரித்த ஏழைக் குடும்பங்களின் அறைகள், இதெல்லாம் நல்ல ரோமானியத் தெருவைக் கெடுக்கும் குப்பை. எடுத்துப் போட்டுவிட்டு டிராஜனின் தளம் வரை போனார்கள். எந்த மண்ணடுக்கில் எது கிடைத்தது என்ற பதிவு மிகக் குறைவு. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த 1950களின் இறுதிவரை வேலை ஓடியது. அதற்குள் சதுரம் கிட்டத்தட்ட முழுக்கத் தோண்டி முடிந்துவிட்டது.

"அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தெரியும், விடுங்க" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பாதிதான் சரி. பொம்பேயில் ஃபியொரெல்லி 1863லிருந்தே மேலிருந்து அடுக்கடுக்காக இறங்கித் தோண்டும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். திம்காத்தில் முதல் மண்வெட்டி விழுந்த அதே 1880களில் இங்கிலாந்தில் பிட்-ரிவர்ஸ் சாதாரண ஓட்டுச்சில்லுக்குக்கூட இடம் குறித்துக்கொண்டிருந்தார். வழி தெரிந்துதான் இருந்தது. திம்காத்தில் அது தேவைப்படவில்லை, ஏனென்றால் எது வேண்டும் என்பது தோண்டுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பல்லுவும் அவர் கூட்டாளிகள் பொஸ்வில்வால்ட், கன்யா ஆகியோரும் வெளியிட்ட பெரிய நூல் இல்லாமல் இன்று திம்காத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுத முடியாது. கல்வெட்டுகளை அவர்கள் கவனமாகப் படித்தார்கள். செர்டியஸையும் ரொகேஷியானஸையும் நமக்குத் தெரிவது அதனால்தான். ஆனால் பணமும் பதவியும் இருந்தவன்தான் கல்லில் பெயர் வெட்டுவான். கல்வெட்டு வெட்ட வசதியில்லாதவன் மண்ணில்தான் இருந்தான், அந்த மண் வண்டியேறிப் போய்விட்டது.

இது வெறும் தொல்லியல் நுணுக்கம் இல்லை. ரோமின் நகரத்தை இடித்தவர்கள் என்று ஔரெஸ் மலையின் அமாசிக் மக்கள் மேல் காலனிய காலம் முழுக்க ஒரு பழி இருந்தது. புரோகோப்பியஸின் அந்த வரிகள்தான் சாட்சி. அதாவது அவர்களோடு போரிட்ட தரப்பின் சாட்சி. இடித்தார்களா, எவ்வளவு இடித்தார்கள், பிறகு அந்தச் சிதிலங்களுக்குள் யார் குடியிருந்தார்கள் என்றெல்லாம் மேல் அடுக்குகள் சொல்லியிருக்கும். குற்றம் சாட்டியவர்களே தடயத்தையும் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

வித்தியாசமாகச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு அதே ஊரிலேயே ஒரு சான்று உண்டு. பைசாந்தியக் கோட்டையை இருபதாம் நூற்றாண்டில் ழான் லாசுஸ் ஆராய்ந்தார். கோட்டையைக் கோட்டையாகவே மதித்தார். அதற்கு அடியில் புனித நீரூற்றைச் சுற்றி ரோமானியர் கட்டிய வழிபாட்டு வளாகம் வெளிவந்தது. மேலே இருப்பதை மதித்ததால் கீழே இருப்பதும் துலங்கியது.

1982இல் திம்காத் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சதுரத்துக்கு வெளியே தோண்டாத இடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எதிர்காலத்தில் அங்கே இறங்குபவர்கள் டிராஜனை அவசரமாகத் தேடாமல் இருந்தால் நல்லது. நமக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. அந்த வான்வழிப் படம் அடுத்த தடவை உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, கட்டங்களை எண்ணுவதை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். கோணலாக நிற்கும் கோயில், மதில் இருந்த இடத்தில் வீடு, மேற்கே தேவாலயம், தெற்கே கோட்டை. ஊர் அங்கேதான் இருந்தது.