கற்பனை உலகிலும் பெண்ணுக்கு எல்லையா?

விதிநூலும் ஒரு நூலே. அதற்கும் ஆசிரியர் உண்டு, நடை உண்டு, உலகத்தைப் பற்றிய ஒரு நோக்கும் உண்டு. காவியத்தையும் நாடகத்தையும் திறனாயும் நாம் ஓர் ஆட்டத்தின் விதிநூலை அவ்வாறு எடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும், கதை சொல்வதையே ஆட்டமாக்கிய விதிநூல் ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இளைஞர் கையில் இருந்து வருகிறது. அந்நூல் பெண்ணை எவ்வாறு நடத்தியது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்பது ஒரு சிற்றூர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளிவந்தது. நிலவறைகளும் டிராகன் என்னும் பறவைநாகங்களும் நிறைந்த பழங்கதை உலகமே இதன் களம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் ஆட்டத் தலைவராக இருந்து, 'நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே உறுமல் கேட்கிறது' என்று கதையைத் தொடங்குவார். ஏனையோர் மறவர், மந்திரவாதி, சமயகுரு என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்வதைச் சொல்வர். செய்தது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். உடல்வலிமை, அறிவு முதலிய ஆறு பண்புகளுக்கும் பகடை தந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வர். கதை சொல்பவரும் கேட்பவரும் ஒன்றாகிவிட்ட கலை இஃது எனலாம்.

கைகாக்ஸ் தாம் வகுத்த நிலவறையை முதன்முதலில் ஆடிப் பார்த்தபோது மேசையில் அமர்ந்தவர்கள் அவருடைய மகனும் மகளுமே. ஆகவே, இவ்வாட்டம் அச்சேறுமுன்பே அதில் ஒரு சிறுமிக்கு இடம் இருந்தது. ஆயின், அச்சேறிய நூலில் மறவர் வகுப்புக்கு 'ஃபைட்டிங் மென்' என்று பெயர். 'மென்' என்னும் ஆங்கிலச் சொல் மாந்தரையும் குறிக்கும், ஆடவரையும் குறிக்கும். எப்பொருளைக் கொள்வது என்று நூல் சொல்லவில்லை. ஆனால், படிக்கும் பெண் எப்பொருளைக் கொண்டிருப்பாள் என்று ஊகிப்பது அரிதன்று.

விருந்தும் இலையும்

1976ஆம் ஆண்டில் 'தி டிராகன்' என்னும் இதழில் லென் லகோஃப்கா என்பவர் பெண்களை இவ்வாட்டத்திற்குள் கொண்டுவரும் நோக்கத்துடன் ஒரு கட்டுரை எழுதினார். நோக்கம் நன்று. வழியோ விந்தையானது. பெண் பாத்திரங்களுக்கு உடல்வலிமை குறைக்கப்பட்டது. பிறரை ஈர்த்து வழிநடத்தும் தலைமைப் பண்பு நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 'அழகு' என்னும் பண்பு வைக்கப்பட்டது. ஆடவரை மயக்கி வசப்படுத்தும் ஆற்றல்களும் வழங்கப்பட்டன. விருந்துக்கு வருக என்று அழைத்து, வந்தவருக்கு மட்டும் சிறிய இலை போட்டதைப் போன்றது இது.

அக்கட்டுரை ஓர் இதழில் வந்த கருத்து. அதை ஏற்பதும் விடுவதும் ஆடுவோர் விருப்பம். 1978இல் கைகாக்ஸ் விரித்து எழுதிய ஆட்டக்காரர் கையேடு அத்தகையது அன்று, அது சட்டநூல். நியாயமாகச் சொல்வதானால், அக்கையேடு எந்த வகுப்பையும் பெண்ணுக்கு மூடவில்லை. பெண் மறவராகலாம், மந்திரம் கற்கலாம், அறிவிலும் அவளுக்குக் குறை விதிக்கப்படவில்லை. உடல்வலிமையில் மட்டும் ஓர் எல்லைக்கோடு இடப்பட்டது.

கணக்கு என்ன சொல்கிறது?

உடல்வலிமையில் 18 பெற்ற மறவர், மேலும் ஒரு முறை பகடை உருட்டி 1 முதல் 100 வரை ஒரு கூடுதல் எண்ணைப் பெறுவார். மனித ஆண் 100 வரை செல்லலாம். மனிதப் பெண் 50இல் நின்றுவிட வேண்டும். உச்சத்தை எட்டிய ஆண் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் 6 கூடும். உச்சத்தை எட்டிய பெண்ணின் அடிக்கு 3 கூடும். பிற இனங்களிலும் இவ்வாறே. நான்கடி உயரக் குள்ளர் இனத்து ஆண் 18ஐயும் தாண்டி 99 வரை செல்லலாம். அவ்வினத்துப் பெண்ணுக்கு 17தான் முடிவு. ஹாஃப்லிங் என்னும் மூன்றடி உயர இனத்தில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14.

'இஃது இயற்கை, ஆணின் உடல் பெண்ணின் உடலினும் வலியதன்றோ?' என்பர் சிலர். சராசரியைப் பேசினால் அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால், இவ்விதி சராசரியைத் தொடவே இல்லை. எல்லாரும் உருட்டும் பகடை ஒன்றுதான். கோடு போட்ட இடமோ உச்சி. காவியத் தலைவர் என்பவர் யார்? சராசரியைக் கடந்தவர். கோடியில் ஒருவராகிய அவரைப் பற்றிய கதையில், அக்கோடியில் ஒருவர் பெண்ணாக இருத்தல் ஆகாது என்று சொல்வதற்கு இயற்கை எங்ஙனம் சான்றாகும்? மேலும், மூன்றடி உயரமுள்ள ஆணுக்கு 17 வழங்கியபோது ஆசிரியர் இயற்கையைக் கேட்டுக்கொண்டா வழங்கினார்? பறவைநாகம் நெருப்பைக் கக்கும்போது இயற்கை வெளியே நிறுத்தப்படுகிறது. பெண் வாளை எடுக்கும்போது மட்டும் அதனை உள்ளே அழைப்பது என்ன நீதி?

இனி, இவ்விதி ஆட்டத்தில் எத்தனை முறை குறுக்கிடும் என்று எண்ணிப் பார்ப்போம். மூன்று பகடைகளிலும் ஆறு விழுந்தால்தான் 18. அது 216இல் ஒரு முறை. அதன்பின் 50ஐத் தாண்டுவது பாதி வாய்ப்பு. ஆகவே, மனிதப் பெண் மறவரை இவ்விதி தடுப்பது 432இல் ஒரே ஒரு முறை. நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதை விடும் தாராள முறையில் பார்த்தாலும், ஏறத்தாழ 123இல் ஒரு முறை. ஆட்டத்தின் சமநிலைக்கு இவ்விதி ஏதும் செய்யவில்லை என்பது தெளிவு.

பின், இது செய்தது என்ன? கதையில் 432இல் ஒரு முறை தடுத்த விதி, கையேட்டைத் திறந்த பெண்களின் கண்ணில் ஒவ்வொரு முறையும் பட்டது. பகடையைத் தொடுமுன்பே, 'உன் கனவுக்கு இவ்வளவுதான் உயரம்' என்று அது சொல்லிற்று. அட்டவணையில் இருந்தது எண். அவள் படித்தது வாக்கியம். விதிநூலைத் திறனாய்வோர் முதலில் உணர வேண்டியது இதுவே: ஒரு விதியின் பயனை அதன் கணக்கினால் மட்டும் அளத்தல் ஆகாது, அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதனாலும் அளத்தல் வேண்டும்.

படமும் பட்டியலும்

1979இல் வந்த ஆட்டத் தலைவர் நூலில், நகரத் தெருவில் எதிர்ப்படுவோரைப் பகடையால் தேர்ந்தெடுக்கும் பட்டியல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பரத்தையர் வட்டத்திற்கென்றே தனியாக அமைந்தது. 12 வகை, ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஏளன அடைமொழி. நகரத்தில் நெய்பவள், மருத்துவம் பார்ப்பவள், கடை வைத்திருப்பவள் ஆகியோருக்கு இத்துணை நுட்பமான வகைப்பாடு இல்லை. எதை நுணுகிப் பார்க்கிறாரோ அதுவே ஆசிரியரின் மனம்.

படங்களும் இதற்குத் துணை நின்றன. ஆண் மறவரின் கவசம் கழுத்து முதல் கால்வரை காக்கும். பெண் மறவரின் கவசமோ மார்பையும் இடையையும் மட்டும் மறைக்கும். அம்பு ஆண் பெண் பார்த்துப் பாய்வதில்லை. அக்கவசம் அணிபவளுக்காகத் தீட்டப்பட்டதன்று, பார்ப்பவனுக்காகத் தீட்டப்பட்டது. 1978 முதல் இவ்வாட்டக் கதைகளில் வந்த 'ட்ரோ' இனமும் இங்கு நோக்கத்தக்கது. நிலத்தடியில் வாழும் அவ்வினத்தில் பெண்களே ஆள்வோர். சிலந்தித் தெய்வமாகிய லோல்த் அவர்களுடைய கடவுள். பெண்ணிடம் ஆட்சி தரப்பட்டது. கொடுமையும் உடன் தரப்பட்டது.

பெண்கள் உள்ளே வந்தால் இவை மாறியிருக்குமே எனலாம். 1979இல் ஜீன் வெல்ஸ் என்னும் பெண்மணி அந்நிறுவனத்தின் ஆட்ட அமைப்புப் பிரிவில் சேர்ந்தார். அவர் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' 1981இல் வெளிவந்த உடனே, அதன் படங்கள் சில தகாதவை எனப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் டாம் மோல்ட்வே என்பவர் திருத்தி எழுத, மறுபடி வந்தது. கட்டுண்ட பெண்ணைக் காட்டிய ஒரு படத்தை வரைந்தவரும் பெண்ணே. பழகிப்போன பார்வை தூரிகை பிடித்த கை யாருடையது என்று பார்ப்பதில்லை என்பதற்கு இது சான்று.

அவனும் அவளும்

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அவ்வலிமை வரம்பை நீக்கிற்று. பாராட்டுவோம். ஆனால், அதே பதிப்பு ஆட்டக்காரரை முழுவதும் 'அவன்' என்றே எழுதியது. நெடுங்கால வழக்கினால் அச்சொல் பால் உணர்த்தும் தன்மையை இழந்துவிட்டது என்று ஒரு குறிப்பும் எழுதியது. சொல் பொதுவாகிவிட்டது உண்மையாயின், அதற்கு விளக்கம் எதற்கு? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாதிரிப் பாத்திரத்தை நிறுத்தி, அப்பாத்திரம் பெண்ணாயின் அவ்வகுப்பை 'அவள்' என்றே எழுதியது. மந்திரவாதி 'அவள்' ஆனாள். அறநெறி மறவரும் 'அவள்' ஆனாள். ஆட்டம் கெட்டுவிடவில்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பு, பாத்திரம் ஆணாயினும் பெண்ணாயினும் அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை என வெளிப்படையாகவே கூறிற்று. எண்ணில் இருந்த எல்லை நீங்கப் பதினோர் ஆண்டுகள்; சொல்லில் இருந்த எல்லை நீங்க மேலும் பதினோர் ஆண்டுகள்.

தமிழாசிரியர் இங்குச் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் 'அவன்' என்னும் ஒரு சொல் மூடும் கதவைத் தமிழில் வினைமுற்றும் சேர்ந்து மூடுகிறது. 'ஆட்டக்காரன் உருட்டுகிறான்' என்றால் பெயரும் பூட்டு, வினையும் பூட்டு. ஆனால், திறவுகோலும் நம் மொழியிலேயே உண்டு. பலர்பாலுக்குரிய 'அவர்' என்னும் சொல் ஒருவரையும் உயர்த்திச் சொல்லும் வழக்கினால், ஆணையும் பெண்ணையும் ஒரே மதிப்போடு அழைக்கிறது. 'ஆட்டக்காரர் உருட்டுகிறார்' எனின் கதவு இருவருக்கும் திறந்துவிடும். குறிப்பு எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. நாம் எழுதும் கணக்குகளில் மிதிவண்டியில் விரைபவன் யார், பூ வாங்குபவள் யார்? நாம் கொடுக்கும் கதைத் தொடக்கங்களில் காட்டுக்குள் நுழைபவன் யார், வீட்டில் காத்திருப்பவள் யார்? அவையும் சிறிய விதிநூல்களே. கற்பனைக்கு எல்லையில்லை என்று வகுப்பில் சொல்லுமுன், நாம் எழுதிக்கொடுத்த வினாத்தாளில் அந்த எல்லை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுதல் நலம்.