50,000 சதுர கிலோமீட்டரும் ஒரு சோலைக்கிளியும்

ஒரு பறவை உலகத்தில் 50,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில்தான் இனப்பெருக்கம் செய்யுதா? அப்படின்னா அது 'குறுகிய பரவல்' இனம். அப்படி இரண்டோ அதுக்கு மேலோ ஒரே இடத்தில் சேர்ந்தால், அது 'ஓரிடவாழ்விப் பறவைப் பகுதி'. பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் 1998-ல் இப்படி 218 பகுதிகளைப் புத்தகமாகப் போட்டது. அதில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே பகுதி.

வேலை நல்ல வேலை. எங்கே முதலில் காப்பாத்தணும்னு சொல்ல ஒரு அளவுகோல் வேணும்தான். என் விமர்சனம் அந்த எண் மேல இல்லை, அந்த எண்ணுக்குள்ள போற தரவு மேல.

சோலைக்கிளியை எடுத்துக்குவோம். (மலையாளத்தில் கிளின்னா எந்தப் பறவையும்தான், பச்சைக்கிளியைத் தேடாதீங்க. இது சோலைக்குள்ள தரையோட தரையா திரியுற நீலநிறச் சின்னப் பறவை.) சாலிம் அலியும் ரிப்ளியும் தங்கள் கையேட்டில் நீலகிரிப் பறவையையும் பழனிப் பறவையையும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாக வைத்தார்கள். 2005-ல் ராஸ்முசனும் ஆண்டர்டனும் இரண்டையும் தனி இனங்களாகப் பிரித்தார்கள். 2017-ல் வி. வி. ராபின் குழு மரபணு, பாட்டு, உடல் அளவு எல்லாம் பார்த்து 'ஷோலிகோலா' என்ற புதுப் பேரினத்தையே உருவாக்கியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது இனம் என்றது.

பறவை மாறவில்லை. நம்ம பட்டியல்தான் மாறியது.

இதில் என்ன ஆகப்போகுதுன்னு கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30–40 கி.மீ. அகலம். உயரத்துச் சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அது கடல் மாதிரி. தேயிலையும், யூக்கலிப்டஸும், சீகை மரமும் வந்தபிறகு மிச்சமிருக்கும் நீலகிரிச் சோலைகளும் அழிந்தால், பழைய பட்டியல்படி ஒரு இனத்தின் ஒரு பகுதி போச்சு, மீதி கொடைக்கானல்ல இருக்குன்னு ஆறுதல் சொல்லிக்கலாம். புதுப் பட்டியல்படி ஒரு இனமே உலகத்தை விட்டுப் போகிற ஆபத்து.

வரைபடத்தில் 'மேற்குத் தொடர்ச்சி மலை'ன்னு ஒரே வண்ணம் பூசுவது இந்த வித்தியாசத்தைத்தான் மறைக்குது. மென்பொருளில் பழைய தரவை வைத்து எடுத்த முடிவை, தரவு மாறினதும் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன்: எல்லையை மலைத்தொடருக்குப் போடாதீங்க, கணவாய்க்குக் கணவாய் போடுங்க.